நிலா வாட்ச் வாங்கப் போகிறவர்களுக்கு: எனக்கு 4,58,500 ரூபாய் போன விவரம்

எங்கள் பக்கம் சிட்டை, அதாவது சீர்ச் சாமான் பட்டியல், எழுதாமல் கல்யாணம் நடக்காது. பித்தளைத் தவலை எத்தனை, எவர்சில்வர் சம்படம் எத்தனை, வெள்ளிக் குடம் எத்தனை கிராம் என்று ஒன்று விடாமல் எழுதி, பாத்திரங்களில் இனிஷியலும் வெட்டிய பிறகுதான் எல்லோரும் பார்க்கச் சாமான் பரப்புவோம். 2023 தையில் காரைக்குடியில் நடந்த என் மகள் கல்யாணத்துக்கு நான் எழுதிய சிட்டையில் ஒரு வரி மட்டும் மொட்டையாக இருந்தது: "வைர நிலா வாட்ச் - 1". வானத்து நிலா வளர்வதையும் தேய்வதையும் ஒரு சின்ன ஜன்னலில் காட்டும் வாட்ச் அது. எந்த மாடல், முதுகில் என்ன நம்பர், எத்தனை கல், பில் எங்கே, ஒன்றும் இல்லை. அந்த ஒரு வரிக்காக எனக்கு 4,58,500 ரூபாயும் ஏழு மாசத் தூக்கமும் போனது. வீட்டுக்காரர் மலேசியாவில் இருந்தார். சம்பந்தபுரத்தாருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் யாரிடமும் வாய் திறக்காமல் நானே அலைந்தேன். அலைந்ததில் கற்றுக்கொண்டதை இங்கே முழுக்க எழுதிவிடுகிறேன்.

வாங்கியது 2022 மார்கழியில். பழைய உயர்ரக வாட்ச்களை வாங்கி விற்கும் ஒருவர் மூலம் வந்தது. ரோஸ் கோல்டு, 34 மில்லிமீட்டர் கேஸ், முத்துச்சிப்பி டயல், கண்ணாடியைச் சுற்றி வளையம் முழுக்க வைரம், 6 மணி இடத்தில் பிறை வடிவில் ஒரு ஜன்னல், அதற்குள் நீலத் தகட்டில் பொன் நிலா. கையில் கட்டிப் பார்த்ததும் மனசு அதிலேயே ஒட்டிக்கொண்டது. "ஆச்சி, புதுசு பதினோரு லட்சத்துக்குக் குறையாது, உங்களுக்காக ஏழு இருபது" என்றார். இரண்டு லட்சம் பேங்க் வழியாகவும் மீதி 5,20,000 ரொக்கமாகவும் கொடுத்தேன். பெட்டி இருந்தது, கியாரண்டி அட்டை இல்லை. "வெளிநாட்டில் வீடு மாற்றும்போது தொலைந்துவிட்டதாம்" என்ற பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டேன். நாற்பது வருஷமாக வைரத்தோடு புழங்குகிறவள் நான். தோட்டுக் கல்லை லென்ஸ் வைத்துப் பார்க்காமல் வாங்கியதே இல்லை. வாட்ச்சில் கல் இருந்தால் அதுவும் ஒரு நகைதான் என்று நினைத்துவிட்டேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

வாட்ச்சில் முதலில் பார்க்க வேண்டியது கல்லை அல்ல, கேஸின் முதுகில் வெட்டியிருக்கும் எண்களை. அங்கே பெரும்பாலும் இரண்டு எண் இருக்கும். ஒன்று மாடல் எண், அந்த மாடலில் வந்த எல்லா வாட்ச்சுக்கும் அது பொது. இன்னொன்று சீரியல் எண், அது அந்த ஒரு வாட்ச்சுக்கு மட்டும். பெரிய கம்பெனிகள் ஒரே வாட்ச்சை வெறும் தங்க வளையத்தோடு ஒரு மாடல் எண்ணிலும், வைர வளையத்தோடு வேறொரு மாடல் எண்ணிலும் விற்கும். கடைசி இரண்டு மூன்று இலக்கமோ எழுத்தோதான் மாறியிருக்கும். அந்த எண்ணைக் கம்பெனியின் கேட்லாக்கில் தேடினால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். என் வாட்ச்சின் எண்ணுக்குக் கேட்லாக்கில் வந்த படத்தில் ஒரு வைரம்கூட இல்லை. வெறும் தங்க வளையம் போட்ட வாட்ச்சை வாங்கி, யாரோ துளை போட்டுக் கல் பதித்து, வைர மாடல் என்று என்னிடம் விற்றிருக்கிறார்கள். இதை வாங்குவதற்கு முன் பார்க்காமல், வாங்கி மூன்று மாசம் கழித்துப் பார்த்தேன்.

லென்ஸில் பார்த்தாலும் இது தெரியும், ஆனால் எதைப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். பத்து மடங்கு லென்ஸ் போதும். கம்பெனியில் பதித்த கற்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் உட்கார்ந்திருக்கும். வாட்ச்சைச் சாய்த்தால் ஒளி ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குத் தடங்கலில்லாமல் ஓடும். கல்லைப் பிடித்திருக்கும் குமிழ்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே உருண்டை. இரண்டு கல்லுக்கு நடுவில் உள்ள இடைவெளியும் ஒன்று போலவே இருக்கும், வட்டம் முடியும் இடத்தில் இடுக்கு விழாது. என் வாட்ச்சில் 11 மணிக்கும் 12 மணிக்கும் நடுவில் மட்டும் கற்கள் கொஞ்சம் நெருங்கியிருந்தன. கடைசியில் இடம் போதாமல் இழுத்துப் பிடித்துப் பதித்திருக்கிறார்கள். நாலு கல் லேசாக மஞ்சள் தட்டியது, குமிழின் ஓரத்தில் உளி பட்ட கீறலும் இருந்தது. கல் வைரமேதான், பொய்க்கல் இல்லை. கல்லைச் சோதிக்கும் மிஷின் வைரம் என்று காட்டினாலும் வாட்ச் அசல் என்று ஆகாது, இரண்டும் வேறு கேள்வி. இந்த மாதிரி வெளியில் கல் பதித்த வாட்ச்சைக் கம்பெனி சர்வீஸ் சென்டர்கள் பெரும்பாலும் தொடுவதே இல்லை என்பதும், வளையத்தைத் துளைத்ததால் வாட்ச்சின் விலை கூடுவதற்குப் பதில் இறங்கும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

தங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் எதையும் பவுன் கணக்கில் போட்டுப் பார்ப்போம். இந்த வாட்ச்கள் பெரும்பாலும் 18 காரட், 750 என்று முத்திரை இருக்கும். 916 எதிர்பார்க்கக் கூடாது, 22 காரட் இந்த வேலைக்கு மிருது. இன்னொன்று, 2021 ஜூனில் ஹால்மார்க் கட்டாயமானபோது தங்க வாட்ச்சுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். அதனால் நகையில் பார்ப்பது போல எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி என்ற ஹால்மார்க் அடையாள எண்ணைத் தேடி, அது இல்லை என்று பயப்பட வேண்டாம். ஸ்விட்சர்லாந்தில் செய்து 1995-க்குப் பிறகு முத்திரை வாங்கிய தங்க கேஸ் என்றால் செயிண்ட் பெர்னார்ட் நாயின் தலை பொடிசாக அடித்திருக்கும், லென்ஸில் காது மூக்கு தெரியும். விற்கும்போது தங்க எடைக்குப் போட்டால் அடிமாட்டு விலைதான் வரும். மொத்த எடையில் மெஷின், கண்ணாடி, பெல்ட் எல்லாம் சேர்ந்திருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இனி வாட்ச்சை நானே உடைத்த ராத்திரி. தைப்பூசம் முடிந்து மூன்றாம் நாள். பழனிக்குக் காவடியோடு நடந்து போனவர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த சமயம். மறுநாள் சாமான் பரப்ப வேண்டும் என்று வாட்ச்சை எடுத்தால், வானத்தில் முக்கால் நிலா, ஜன்னலில் கீற்றுப் பிறை. பார்க்கிறவர்கள் தப்பாக நினைக்கக் கூடாதே என்று சரிசெய்ய உட்கார்ந்தேன். கேஸின் பக்கவாட்டில், 8 மணிக்கு நேராக, கடுகை விடச் சின்னதாக ஒரு குழி, அதற்குள் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் நிலா ஒரு நாள் நகரும். பெட்டியில் அதற்கான குச்சி இல்லை. புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி அழுத்தினேன். மணி பத்தேகால். ஏழு முறை "டிக் டிக்" என்று ஒழுங்காக நகர்ந்தது. எட்டாவது முறை பொத்தான் உள்ளே போகாமல் நின்றது. கொஞ்சம் பலமாக அழுத்தினேன். உள்ளே "டக்" என்று ஒரு சத்தம், சுள்ளி ஒடிந்த மாதிரி. ஊக்கு வழுக்கி, குழி ஓரத்துத் தங்கத்தில் அரை சென்டிமீட்டருக்குக் கோடு விழுந்தது. நிலா பாதியில் நின்றது, அதற்குப் பிறகு அசையவே இல்லை. மறுநாள் அதை அப்படியே வெல்வெட்டில் வைத்துப் பரப்பினேன். யாரும் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் அந்தப் பாதி நிலாவைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

ஏன் உடைந்தது என்பதைப் புரிந்துகொண்டால் நீங்கள் அந்தத் தப்பைச் செய்யவே மாட்டீர்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் நிலா ஒன்றல்ல, எதிரெதிராக இரண்டு. ஒன்று ஜன்னலில் ஏறும்போது மற்றது டயலுக்கு அடியில் மறைந்திருக்கும். தகட்டின் ஓரத்தில் சாதாரணமாக 59 பற்கள். நாளுக்கு ஒரு பல் நகர்ந்தால் முழுச் சுற்றுக்கு 59 நாள், அதாவது ஒரு நிலாவுக்கு 29 நாள் 12 மணி. ஒரு பல்லை நகர்த்துவதற்கு மெஷினில் விரல் போன்ற ஒரு துண்டு இருக்கிறது. அது ராத்திரியில் மெதுவாக வந்து பல்லைத் தொட்டு, தள்ளிவிட்டு, விலகிப் போகும். பெரும்பாலான மெஷின்களில் ராத்திரி 9 மணியிலிருந்து விடிகாலை 3 மணி வரை அந்த விரல் பல்லோடு கோர்த்திருக்கும், சிலவற்றில் இன்னும் முன்னாலேயே கோர்க்கும். அந்த நேரத்தில் நாம் வெளியிலிருந்து பொத்தானை அழுத்தினால், தகடு நகர இடமில்லாமல் விரலில் மோதும். அப்போது விரல் வளையும், அல்லது பல் உடையும், அல்லது பற்களைப் பிடித்து நிறுத்தும் மெல்லிய ஸ்பிரிங் தன் இடத்தை விட்டு விலகும். எனக்கு விரல் ஒடிந்து, இரண்டு பல்லும் போனது. ஒடிந்த துண்டு உள்ளேயே கிடந்ததால் தினமும் ராத்திரி ஒரு மணி வாக்கில் வாட்ச்சே நின்றுபோகும். தினமும் ஒரே நேரத்தில் நிற்கிற வாட்ச் உங்களிடம் இருந்தால், தேதியோ நிலாவோ சிக்கியிருக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

சரியாக வைக்கும் முறை இது. கட்டிலில் துண்டு விரித்து உட்காருங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தால்கூடப் போதும், உள்ளே இருக்கும் மயிர் போன்ற அச்சு முறிந்துவிடும். வாட்ச் நின்றிருந்தால் முதலில் சாவி கொடுத்து ஓட விடுங்கள். சாவியை இழுத்து முள்ளை முன்பக்கமாக மட்டும் சுற்றுங்கள். தேதி மாறும் இடம் நள்ளிரவு, அதைத் தாண்டிக் காலை ஆறரைக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். இப்போது விரல் பல்லை விட்டு விலகியிருக்கும். சாவியை உள்ளே தள்ளிவிட்டு, பெட்டியோடு வந்த குச்சியால் பொத்தானை அழுத்துங்கள். குச்சி இல்லாவிட்டால் மரப் பல்குத்தியின் நுனியைக் கொஞ்சம் மழுக்கிக்கொண்டால் போதும். ஊக்கு, ஹேர்பின், பேனா முனை எதுவும் ஆகாது. முழு நிலா ஜன்னலின் நட்டநடுவில் வரும் வரை அழுத்துங்கள், அதுதான் பௌர்ணமி. பிறகு கடைசிப் பௌர்ணமி முடிந்து எத்தனை நாள் ஆகிறதோ அத்தனை முறை அழுத்துங்கள். அன்று ராத்திரி எனக்கு நிலா நடுவுக்கு வந்த பிறகு தேவைப்பட்டது மூன்றே அழுத்தம். சில வாட்ச்களில் பொத்தான் இருக்காது, சாவியை முதல் கட்டத்துக்கு இழுத்துத் திருப்பினாலே நிலா நகரும். செல் போட்ட பெண்கள் வாட்ச் பலவும் அப்படித்தான். அதற்கும் அதே ராத்திரித் தடை உண்டு. உங்கள் மாடலின் கையேட்டில் தடை நேரம் போட்டிருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பௌர்ணமி எது என்று பார்க்க நம் வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரே போதும், ஆனால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பௌர்ணமித் திதி முடிகிற நிமிஷம்தான் நிலா உண்மையில் முழுசாகும் நிமிஷம், அமாவாசைத் திதி முடிகிற நிமிஷம்தான் உண்மையான அமாவாசை. 2023 தை அமாவாசை காலண்டரில் ஜனவரி 21, சனிக்கிழமை. திதி முடிந்தது அன்று ராத்திரி தாண்டி, 22-ஆம் தேதி அதிகாலை இரண்டே கால் மணிக்கு மேல். தைப்பூசத்தன்று, பிப்ரவரி 5, நள்ளிரவுக்கு இரண்டு மூன்று நிமிஷம் முன்னால் நிலா முழுசானது. அதனால் காலண்டரில் திதி தொடங்கும் நாளை வைத்து எண்ணினால் ஒரு நாள் பிசகும், முடியும் நேரத்தை வைத்து எண்ணுங்கள். பௌர்ணமிக்குப் பிறகு திதிகளை எண்ணாமல் ராத்திரிகளை எண்ணுங்கள். திதி சில நாள் 20 மணி நேரத்தில் முடியும், சில நாள் 26 மணி நேரம்கூட ஓடும். வாட்ச்சுக்குத் தெரிந்தது 24 மணி நேரம் மட்டும்தான்.

இன்னொரு சந்தேகம் பலருக்கு வரும், எனக்கும் வந்தது. வானத்தில் மூன்றாம் பிறை ஓடம் போல மல்லாந்து கிடக்கும், வாட்ச்சில் நிமிர்ந்து நிற்கும். பழுது இல்லை. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், 10 பாகையில் இருக்கிறோம், அதனால் பிறை நமக்குச் சாய்ந்து தெரிகிறது. வாட்ச்சை வரைந்தவர்கள் ஐரோப்பாவின் வானத்தைப் பார்த்து வரைந்தார்கள். வளர்பிறையில் ஒளி வலப்பக்கம், தேய்பிறையில் இடப்பக்கம் என்பது சரியாக இருந்தால் போதும்.

பழுது பார்க்கக் கொடுத்த கதைதான் பணத்தை விட அதிகமாக மனசைத் தின்றது. கல்யாணம் முடிந்த மறுவாரம், "நிலா ஓடவில்லை, ஒன்றும் பெரிசில்லை" என்று மகளிடம் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். "ஆத்தா, அவசரமில்லை, மெதுவாப் பாருங்க" என்றாள். பக்கத்து ஊரில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடையில் 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டு திறந்தார்கள். சாதாரண வாட்ச்சில் கை தேர்ந்தவர், ஆனால் இந்த மெஷினை அவர் பார்த்ததில்லை. முள்ளைக் கழற்றும்போது முத்துச்சிப்பி டயலில் நடுத் துளையை ஒட்டி மயிரளவு விரிசல். முதுகு மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றாமலே மூடிவிட்டார். பத்து நாளில் கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்தது. பங்குனியில் சென்னைக்கு பஸ் ஏறி, அந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண் லென்ஸை வைத்து அரை நிமிஷம் பார்த்தாள். மாடல் எண்ணைக் கணினியில் போட்டாள். திரையை என் பக்கம் திருப்பினாள். கல்லே இல்லாத அந்தப் படத்தை நான் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான். "மேடம், வெளியில் மாற்றம் செய்த வாட்ச்சை நாங்கள் எடுப்பதில்லை" என்று மரியாதையாகத்தான் சொன்னாள். வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கூட வந்தவர்கள் யாரும் இல்லை.

பிறகு இந்த வகை மெஷின் தெரிந்த தனி வாட்ச்மேக்கர் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். அவரிடம் கேட்ட கேள்விகளை நீங்களும் கேளுங்கள். இந்த மெஷினை இதற்கு முன் பிரித்திருக்கிறீர்களா? உடைந்த பாகம் அசலா, வேறொன்றிலிருந்து எடுத்ததா, செய்து போடுவதா? மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா? முடித்த பிறகு தண்ணீர் புகாமல் இருக்கிறதா என்று அழுத்தச் சோதனை செய்வீர்களா? எத்தனை நாள் கியாரண்டி? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வாங்குங்கள். கொடுக்கும் முன் நாலு பக்கமும் போட்டோ, சீரியல் எண் தெரிகிற போட்டோ ஒன்று, எடை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கற்களை எண்ணி ரசீதில் எழுதச் சொல்லுங்கள். வேலைக்கு 58,000 ரூபாய், பாகம் வெளிநாட்டிலிருந்து வர நாலு மாசத்துக்கு மேல். எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி, எண்ணெய் விட்டு, நிலாத் தகட்டையும் விரலையும் மாற்றிக் கொடுத்தார். மூன்று முறை சென்னை போய் வந்ததில் 14,000. விற்றுவிடலாமா என்று இரண்டு இடத்தில் விலை கேட்டதில் அதிகபட்சம் 3,40,000. வாங்கிய விலையிலிருந்து 3,80,000 போனது, ரிப்பேரும் அலைச்சலும் 78,500. தலைப்பில் உள்ள தொகை இப்படி வந்ததுதான்.

விற்றவரிடம் கேட்டேன். முதலில் "அப்படியே வந்தது, எனக்கும் தெரியாது" என்றார், பிறகு போனை எடுக்கவில்லை. ரொக்கமாகக் கொடுத்த 5,20,000-க்கு என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. இங்கே சட்டம் தெளிவாகவே இருக்கிறது. ஒரு விற்பனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது, வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். இரண்டு லட்சத்துக்கு மேல் பொருள் வாங்கினால் பான் எண் எழுத வேண்டும். முறையான விற்பனையாளர் இரண்டையும் அவரே கேட்பார், கேட்காதவரிடம் வாங்காதீர்கள். பில்லில் மாடல் எண், சீரியல் எண், "கற்கள் கம்பெனியில் பதித்தவை" என்ற வார்த்தைகள் மூன்றும் இருக்க வேண்டும். அந்த மூன்றாவது வரியை எழுதத் தயங்கினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பில் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், 50 லட்சம் வரை அங்கேயே. விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், நமக்குச் சிவகங்கை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய்தான். ஆலோசனைக்கு 1915. எனக்கு இதெல்லாம் தெரிந்தபோது காட்ட ஒரு காகிதமும் இல்லை.

சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் மூலம் வாங்குவது நம்மவர்களுக்குப் பழக்கம். சுற்றுலாப் பயணியாகப் போனவர் வாங்கினால் அங்கே கட்டிய வரியை விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம், 2024 முதல் அது 9 சதவீதம். ஆனால் இங்கே இறங்கும்போது சுங்கம் உண்டு. 2023-இல் 50,000 ரூபாய்ச் சலுகைக்கு மேல் உள்ள மதிப்புக்கு 38.5 சதவீதம் வரி. விதிகள் மாறும், புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் கட்டிக்கொண்டு வந்தால் யாருக்குத் தெரியும் என்று சொல்வார்கள், அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். பிடிபட்டால் வாட்ச்சும் போகும், மானமும் போகும். இந்தியாவிலேயே கடையில் வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி. 2025 ஏப்ரல் 22-இலிருந்து பத்து லட்சத்துக்கு மேல் உள்ள கைக்கடிகாரத்துக்கு விற்பவர் நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் 1 சதவீத டிசிஎஸ் வரியும் சேரும், அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

கட்டுவதிலும் வைப்பதிலும் சில விஷயம். வைர வளையல் போடும் கையில் இந்த வாட்ச்சைக் கட்டாதீர்கள். வாட்ச் கண்ணாடி சஃபையர், அதில் கீறல் போடக்கூடிய வெகு சில பொருட்களில் ஒன்று வைரம், அது நம் கையிலேயே இருக்கிறது. சாட்டின் பெல்ட் நம் வெயிலுக்கு ஒரு கோடை தாங்காது, விசேஷத்துக்கு மட்டும் அதைப் போட்டு மற்ற நாளுக்குத் தோல் பெல்ட் மாற்றிக்கொள்ளுங்கள். முதுகில் 30 மீட்டர் என்று போட்டிருந்தால் கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீருக்குத்தான் அது, குளிக்க இல்லை. தோடு மூக்குத்தி கழுவுவது போலப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போடக் கூடாது, நகைக்கடையில் அதிரும் தொட்டியில் போட்டுத் தருகிறேன் என்றாலும் கொடுக்கக் கூடாது. சந்தனமும் குங்குமமும் கல்லிடுக்கில் ஏறினால் உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். மாதம் ஒரு முறை பஞ்சை எடுத்துக் கற்களின் மேல் லேசாக இழுத்துப் பாருங்கள். இழை எங்காவது மாட்டினால் அங்கே குமிழ் தூக்கியிருக்கிறது, கல் விழும் முன் காட்டிவிடலாம். கைப்பையின் காந்தப் பூட்டு, போன் கவர், ஸ்பீக்கர் இவற்றுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். திடீரென்று நாளுக்குப் பல நிமிஷம் முந்தினால் காந்தம் ஏறியிருக்கும், எடுப்பது சில நிமிஷ வேலைதான். செல் போட்ட வாட்ச்சை வருஷக்கணக்கில் லாக்கரில் வைப்பதானால் செல்லைக் கழற்றிவிட்டு வையுங்கள், கசிந்தால் மெஷினே போகும். பேங்க் லாக்கரில் திருட்டோ தீயோ நடந்து பேங்க் பொறுப்பு என்றானாலும் ஆண்டு வாடகையின் நூறு மடங்குதான் உச்சம். தனியாகக் காப்பீடு வேண்டும், அதற்கும் கேட்பது அதே பில்தான்.

வாட்ச்சை நான் விற்கவில்லை. 2023 ஆடிப் பௌர்ணமியன்று, ஆகஸ்ட் 1 ராத்திரி, நிலா முழுசாகிறதைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் மகளே அதைச் சரியாக வைத்தாள். நடந்தது முழுவதையும் அவளிடம் அன்றுதான் சொன்னேன். சிட்டையில் அந்த மொட்டை வரியை அடித்துவிட்டு மாடல் எண், சீரியல் எண், கல்லின் எண்ணிக்கை, "கல் வெளியில் பதித்தது" எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறோம். நிலா உண்மையில் ஒரு சுற்றுக்கு 29 நாள் 12 மணி 44 நிமிஷம் எடுத்துக்கொள்கிறது, தகடு அந்த 44 நிமிஷத்தை விட்டுவிடுகிறது. அதனால் நிற்காமல் ஓடினால் இரண்டு வருஷம் ஏழரை மாசம் கழித்து, 2026 மார்ச் கடைசி வாரத்தில், வாட்ச்சின் நிலா ஒரு நாள் முந்தியிருக்கும். பின்னால் தள்ள முடியாது, 58 முறை அழுத்திச் சுற்றி வரவும் வேண்டாம். வாட்ச்சைக் கழற்றி வைத்தால் 40 மணி நேரத்தில் தானாக நிற்கும். நின்ற பிறகு ஒரு நாள் அப்படியே விட்டு, மறுநாள் அது நின்ற அதே நேரத்துக்கு எடுத்துச் சாவி கொடுத்து, தேதியை மட்டும் ஒன்று தள்ளி வைக்க வேண்டும், அதுவும் காலையில்.